செதில் இருந்தால் அந்துப்பூச்சியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பூச்சிக் கட்டுரையில், ஆம்ஃபியென்டோமிடே குடும்பத்து மரப்பட்டைப் பேனின் (மரப்பட்டையில் வாழும் குட்டிப் பூச்சி) படத்துக்குக் கீழே ‘அந்துப்பூச்சியின் குட்டிச் சொந்தம்’ என்று போட்டிருந்தீர்கள். சிறகெல்லாம் செதில், அதை உடம்பின் மேல் சரித்து மடித்து உட்காரும் விதம், இதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் லென்ஸ் வைத்து முகத்தைப் பாருங்கள். அந்துப்பூச்சியின் சுருள் உறிஞ்சுகுழலே கிடையாது. புடைத்த முகம், கடிக்கும் தாடை, அதோடு உளி மாதிரி மெல்லிய குச்சி ஒன்று. அதைப் பட்டையில் ஊன்றிக்கொண்டுதான் அங்கே படிந்திருக்கும் பாசியையும் பூஞ்சையையும் சுரண்டித் தின்கிறது.

சரி, செதிலாவது இந்தக் குடும்பத்துக்கு மட்டும் உள்ள அடையாளமா? அதுவும் இல்லை. வெப்பமண்டலத்தில் பரவலாக இருக்கும் லெபிடோப்சோசிடே என்ற இன்னொரு மரப்பட்டைப் பேன் குடும்பத்துக்கும் சிறகில் செதில் உண்டு. இரண்டையும் அக்கம்பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றுதான் சொல்வோம், ஆனால் ஆம்ஃபியென்டோமிடே ட்ராக்டோமார்ஃபா என்ற துணைவரிசை (குடும்பத்துக்கு மேலான பெரிய பிரிவு), லெபிடோப்சோசிடே ட்ரோஜியோமார்ஃபா என்ற வேறு துணைவரிசை. உணர்கொம்பின் கணுக்களை எண்ணினாலே தெரிந்துவிடும்: பின்னதற்கு 20க்கு மேல், முன்னதற்கு அதைவிடக் குறைவு.

அப்புறம், கட்டுரை இந்தப் பூச்சிகளைச் சோகாப்டெரா என்ற தனி வரிசையில் வைத்திருக்கிறது. அது பழைய கணக்கு. மனிதர், விலங்கு, பறவை மேல் ஒட்டி வாழும் பேன்கள் அந்த வரிசைக்கு உள்ளிருந்தே, புத்தகப் பேன்களுக்கு (பழைய புத்தகங்களில் காணப்படும் குட்டிப் பூச்சிகள்) நெருக்கமான கிளையிலிருந்து வந்தவை என்று மரபணு ஆய்வுகள் காட்டிய பிறகு, எல்லாவற்றையும் சேர்த்துச் சோகோடியா என்று ஒரே வரிசையாக்கிவிட்டார்கள். அந்தக் கிளையும் ட்ராக்டோமார்ஃபாவில்தான் இருக்கிறது. ஆக, உங்கள் படத்தில் இருக்கும் பூச்சிக்கு, அச்சு அசலாகத் தன்னைப் போலவே இருக்கும் லெபிடோப்சோசிடேயைவிட நம் தலைப்பேன்தான் நெருங்கிய உறவு! கட்டுரையில் இதை விட்டுவிட்டு அந்துப்பூச்சியைச் சொந்தம் கொண்டாடியதுதான் எனக்கு ஆதங்கம். (பயப்பட வேண்டாம், மரப்பட்டைப் பேன் யாரையும் கடிக்காது, தலையிலும் ஏறாது.)

இந்தக் குடும்பத்துக்கு 1903இல் பெயர் வைத்தவர் எண்டர்லைன் என்ற பூச்சியியலாளர். ஆனால் ஆம்ஃபியென்டோமம் என்ற பேரினம் அதற்கு முன்பே, பால்டிக் ஆம்பரில் (பால்டிக் கடல் பகுதியில் கிடைக்கும், கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின்) கிடைத்த புதைபடிவத்தை வைத்து விவரிக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் வெப்பமண்டலத்தில் வாழும் குடும்பம் ஒரு காலத்தில் வட ஐரோப்பாவிலும் இருந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

படக்குறிப்புக்கு மட்டுமாவது அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்