சனிக்கிழமை கண்டென்சின் பயிற்சி: வருமுன் படிக்கவும்

வணக்கம். கண்டென்சின் என்பது குரோமோசோமைச் சுருக்கி மடிக்கும் புரதக் கூட்டு; அதைச் செல்லிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்வதுதான் பயிற்சி. காலாப்பட்டிலிருந்து வருவோர் ஈசிஆர் நெரிசலைப் பார்த்து முன்னதாகவே கிளம்புங்கள். எல்லாம் ஐஸ் மேல் செய்யும் வேலை, 9 மணிக்குத் தொடங்கிவிடுவோம்.

மனிதக் கண்டென்சின் 1-இல் ஐந்து துணையலகுகள். எஸ்எம்சி2, எஸ்எம்சி4 இரண்டும் சுமார் 50 நானோமீட்டர் நீளக் கைகள். ஒரு முனையில் கீல்போலக் கோத்துக்கொள்ளும், மறுமுனையில் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) பிடிக்கும் தலைகள். மூன்றாவது துணையலகான கேப்-ஹெச்சின் முன்முனை எஸ்எம்சி2-இன் கழுத்திலும் பின்முனை எஸ்எம்சி4-இன் தலையிலும் ஒட்டி வளையத்தை மூடும். கேப்-டி2, கேப்-ஜி இரண்டும் கேப்-ஹெச் மேல்தான் உட்காரும்.

முதலில் அறுபடுவதும் இந்தக் கேப்-ஹெச்தான். மடிப்பில்லாத நீண்ட பகுதிகள் அதில் உண்டு. ஜெல்லில் அதன் பட்டைக்குக் கீழே சில்லறைப் பட்டைகள் வந்தால் அது புரோட்டியேஸ் (புரதத்தை அறுக்கும் நொதி) வேலை. அதைத் தடுக்கும் மருந்தான பிஎம்எஸ்எஃப் 1 மில்லிமோலார், செல்லை உடைப்பதற்குச் சற்றுமுன் மட்டும். தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும், முந்தைய நாளே பஃபரில் கலந்து வைப்பது வீண்.

260, 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலின் விகிதம் (260/280) 0.6-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 1-ஐத் தாண்டினால் டிஎன்ஏவோ ஆர்என்ஏவோ ஒட்டியிருக்கிறது. அவற்றைச் சிதைக்கும் நொதியான பென்சோனேஸுக்கு மெக்னீசியம் தேவை, ஆகவே மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ இல்லாத புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரையே போடுங்கள் (பலரும் கோட்டைவிடும் இடம் இது). பிறகு நன்றாகக் கழுவாவிட்டால் மிச்சமிருக்கும் பென்சோனேஸ், சோதனைக்கு வைத்த டிஎன்ஏவையும் தின்றுவிடும்.

புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் குழாய் (column) சூப்பரோஸ் 6. நீள மூலக்கூறு என்பதால் எடைக்கு எதிர்பார்ப்பதைவிட முன்னதாகவே வெளிவரும். அதற்கும் முன்னால், காலி கனஅளவில் (குழாயின் மணித் துளைகளுக்குள் நுழையாமல் நேரே வெளிவரும் பகுதியில்) வருவது திரண்டுபோன புரதம், அதைச் சேர்க்காதீர்கள்.

கோட், கையுறை அவரவர் கொண்டுவரவும்.