கைமாறுவது இயந்திரமா, கைப்பக்குவமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூய எரிசக்தித் துறையின் முன்னணி நிறுவனங்கள் பிற நாட்டு நிறுவனங்களோடு கைகோப்பதைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். எத்தனை ஒப்பந்தம், எத்தனை கோடி டாலர், எத்தனை கிகாவாட் என்ற கணக்கெல்லாம் இருந்தது. ஒரு தரப்பிடமிருந்து மறு தரப்புக்குப் போய்ச் சேர்ந்தது என்ன என்பது மட்டும் விடுபட்டுவிட்டது. கூட்டு முயற்சிகள் பிழைப்பதும் படுப்பதும் அதில்தான் என்பதால் எழுதுகிறேன்.

மின்சார வண்டிகளில் வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி ஜான் குட்இனஃப்பின் குழுவினர் 1990களில் பேட்டரிக்கு ஏற்றதெனக் கண்டறிந்த சேர்மம் அது. முக்கியமான காப்புரிமைகள் 2022 வாக்கில் காலாவதியாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனாலும் 2023 பிப்ரவரியில் ஃபோர்டு நிறுவனம் மிச்சிகனில் இந்த வகை பேட்டரி ஆலையை அறிவித்தபோது, சீனாவின் பேட்டரி நிறுவனமான சிஏடிஎல்லிடம் உரிமம் பெற்றே அதை நடத்தப்போவதாகச் சொன்னது. காப்புரிமைப் பத்திரம் சேர்மத்தைச் சொல்லும். ஆலையை ஓட்டும் பக்குவத்தைச் சொல்லாது.

அந்தப் பக்குவம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஆலைக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். சேர்மப் பொடி, கரித்தூள், பசை மூன்றையும் கரைப்பானில் குழைத்து, மெல்லிய அலுமினியத் தாளில் பூசுகிறார்கள். பூச்சை அவசரப்பட்டு உலர்த்தினால் பசை மேற்பரப்புக்கு ஏறிவிடும். தாளை ஒட்டிய அடிப்பகுதியில் பிடிப்பு இல்லாமல் பின்னால் பூச்சு உரியும். தாளை நறுக்கும் கத்தி கொஞ்சம் மழுங்கினாலே விளிம்பில் உலோகப் பிசிர் நிற்கும். அது இரு மின்முனைகளுக்கும் நடுவே இருக்கும் பிரிப்புத் தாளைக் குத்தினால் செல்லுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட். எலக்ட்ரோலைட் என்ற மின்பகு திரவத்தை ஊற்றும் அறையில் காற்று, பனிநிலை (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே இருக்கும் அளவுக்கு வறண்டிருக்க வேண்டும். ஈரம் புகுந்தால் லித்தியம் உப்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடு உண்டாகி, செல்லை உள்ளிருந்தே அரிக்கும். கடைசியில் முதல் சார்ஜ். மெதுவாக ஏற்றி, சில நாள் முதல் சில வாரம் வரை வைத்திருந்து, ஒவ்வொரு செல்லிலும் மின்னழுத்தம் எத்தனை மில்லிவோல்ட் இறங்கியது என்று அளப்பார்கள். எத்தனை இறங்கினால் தள்ளுவது? அந்த எல்லையை நிர்ணயிக்கக் கோடிக்கணக்கான செல்களைச் செய்து பார்த்த அனுபவம் வேண்டும். விலை கொடுத்து வாங்க வேண்டியது இதைத்தான்.

ஸ்வீடனின் பேட்டரி நிறுவனமான நார்த்வோல்ட்டுக்கு முதலீட்டிலும் குறையில்லை, வாடிக்கையாளரிலும் குறையில்லை. கடனும் பங்குமாக 1,500 கோடி டாலர் அளவுக்குத் திரட்டியது. சொன்ன அளவில் சொன்ன நேரத்தில் நல்ல செல் வரவில்லை. 2024இல் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரைத் திரும்பப் பெற்றது. 2025 மார்ச்சில் ஸ்வீடனில் திவால். காரணங்கள் பல உண்டு. உற்பத்தியை மேலேற்ற முடியாமல் போனதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

சரியாக வாங்கிக் கற்றவர்களும் இருக்கிறார்கள். சீனாவின் கோல்ட்விண்ட் முதலில் ஜெர்மன் உரிமத்தில் 600 கிலோவாட் காற்றாலையைச் செய்தது. பிறகு 750 கிலோவாட். அதன்பின் ஜெர்மனியின் காற்றாலை வடிவமைப்பு நிறுவனமான வென்சிஸோடு சேர்ந்து கியர்பெட்டி இல்லாத வடிவமைப்பு. 2008இல் அந்த வென்சிஸின் 70 சதவீதப் பங்கையே வாங்கிவிட்டது. படிப்படியாக ஏறியதும், ஒவ்வொரு படியிலும் சொந்தப் பொறியாளர்களை வடிவமைப்பு மேசையில் உட்கார வைத்ததும்தான் வித்தியாசம்.

கொடுப்பவரின் பயத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் ஏஎம்எஸ்சி, காற்றாலைக் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சீனக் காற்றாலை நிறுவனமான சினோவெல்லுக்கு விற்றுவந்தது. ஆஸ்திரியாவில் இருந்த ஒரு ஊழியர் வழியாக அந்த மென்பொருளின் மூலநிரல் (சோர்ஸ் கோட்) களவுபோனது 2011இல் வெளிப்பட்டது. 2018இல் அமெரிக்க நீதிமன்றம் சினோவெல்லைக் குற்றவாளி என்று தீர்த்தது, 5.75 கோடி டாலர் இழப்பீடு. பெரும்பாலும் அந்த ஒரு வாடிக்கையாளரையே நம்பியிருந்த ஏஎம்எஸ்சி அதற்குள் நொடித்துப்போகும் நிலைக்கு வந்துவிட்டது.

ஆகவே ஒப்பந்தத்தில் இரு தரப்பும் எதை எழுதிக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியம். உரிமத் தொகையைக் கையெழுத்தன்றே கொடுத்துத் தீர்க்கக் கூடாது. பெரும்பங்கை விளைச்சலோடு, அதாவது செய்தவற்றில் தேறியவற்றின் விகிதத்தோடு, கட்ட வேண்டும். வடிவமைத்த வேகத்தில் தொடர்ந்து 30 நாள் ஓடி 90 சதவீதத்துக்கு மேல் தேறிய பிறகே இந்தத் தவணை என்பது போல. வரைபடத்தோடு அளவுப் பிசகு வரம்புகளும், மூலப்பொருள் தருபவர்களின் பட்டியலும், சோதனை முறைகளும் வர வேண்டும். பயிற்சியை ‘தேவையான அளவு’ என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. எத்தனை பேர், எத்தனை நாள், எந்த ஆலையில் என்று எழுத வேண்டும். மூலநிரலை மூன்றாம் தரப்பிடம் வைப்பது நல்ல வழி: கொடுத்தவர் திவாலானாலோ பராமரிப்பை நிறுத்தினாலோ மட்டும் அது வெளியே வரும். ஆனால் வைத்த நிரலை ஆண்டுதோறும் இயக்கிப் பார்க்க வேண்டும். பெட்டியைத் திறக்கும் நாளில் பழைய பதிப்பு இருந்தால் பயனில்லை. பெற்றவர் செய்யும் மேம்பாடு யாருக்குச் சொந்தம், எந்த நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யலாம் என்ற இரண்டையும் விட்டுவிட்டுப் பின்னால் சண்டை போடுபவர்களே அதிகம். சண்டைக்கு நடுவர் மன்றத்தை எழுதிக்கொள்வது நலம். 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையின்படி அதன் தீர்ப்பு 170க்கும் மேற்பட்ட நாடுகளில் செல்லும். ஒரு நாட்டு நீதிமன்றத் தீர்ப்புக்கு அத்தனை வீச்சு கிடையாது.

அடுத்த முறை ஒரு நிறுவனத் தலைவரைத் தாங்கள் பேட்டி காணும்போது, கிகாவாட்டைக் கேட்ட கையோடு இரண்டைக் கேளுங்கள்: தொகையில் எத்தனை பங்கு விளைச்சலோடு கட்டப்பட்டிருக்கிறது? மூன்றாம் ஆண்டில் கொடுத்தவரின் பொறியாளர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, ஓர் இயந்திரம் பிசகினால் அதைச் சரிசெய்யப்போகிறவர் யார்?

இப்படிக்கு,
தங்கள் வாசகர்