டிக்கெட்டை இப்ப போடாதே

மச்சான்,

உன்ர மூண்டு வொய்ஸ் மெசேஜுக்கும் பதில் போடாமல் விட்டது என்ர பிழைதான், மன்னிச்சுக்கொள். அப்பாவின்ர இரத்த ரிப்போர்ட் கைக்கு வராமல் ஒண்டும் சொல்லக்கூடாது எண்டு இருந்தன். நேற்று வந்திட்டுது. இங்க எல்லாரும் சுகம். நெட்டையன் கேட்டவன், உட்துறைமுக வீதி மதிலை நீ மறந்திட்டியோ எண்டு.

வெள்ளை அணு 118,000 எண்டதைப் பார்த்துத்தான் நீ அடுத்த கிழமையே வாறன் எண்டு நிக்கிறாய். பொறு. அப்பாவுக்கு இருக்கிற சி.எல்.எல். எண்ட இந்த மெதுவான இரத்தப் புற்றுநோயில அந்த ஒரு எண்ணை வைச்சு மருந்து தொடங்கிறேல்லை. பெப்ரவரியில 71,000, எட்டு மாதத்தில இரட்டிக்கவில்லை. லிம்போசைட் எண்ட வெள்ளை அணு வகை ஆறு மாதத்துக்குள்ள இரட்டிச்சால், இல்லாட்டி ரெண்டு மாதத்தில பாதிக்கு மேல கூடினால்தான் டொக்டர்மார் அதைக் கணக்கில எடுப்பினம்.

எனக்குக் கவலை மற்ற ரெண்டு எண்ணிலயும்தான். ஹீமோகுளோபின் 12.1இல இருந்து 10.4. பிளேட்லெட் 142,000இல இருந்து 112,000. இரத்தம் உருவாகிற எலும்பு மச்சையில நோயணு பெருகி மற்ற அணுக்களுக்கு இடம் குறைஞ்சு கொண்டுவருது. 10க்கும் 100,000க்கும் கீழ போய் அங்கேயே நிண்டால் சிகிச்சைதான். இன்னொண்டு: அப்பா ரெண்டு இடியப்பத்தோட கோப்பையைத் தள்ளிவைக்கிறார். வயசுக்கு அது காணும் எண்டு அம்மா நினைக்கிறா. இல்லையடா. இடப்பக்க விலாவுக்குக் கீழ மண்ணீரல் 4 சென்ரிமீற்றர் இறங்கியிருக்கெண்டு கிளினிக் புத்தகத்தில இருக்கு. அது வயித்தை அமத்துது. 6ஐத் தொட்டால் அதுவும் ஒரு காரணமாகும்.

அம்மாட்ட ஒரு கொப்பி குடுத்திருக்கிறன். திங்கட்கிழமை காலமை, தேத்தண்ணிக்கு முதல், அதே தராசில நிறை. இப்ப 66 கிலோ. ஆறு மாதத்தில 60க்கு வந்தால் விடக்கூடாது. இரவு வேர்வையையும் எழுதச் சொன்னன். கரண்ட் போன இரவில வேர்க்கிறது கணக்கில்லை. காத்தாடி சுத்தச் சுத்த பெனியன் பிழியிற அளவுக்கு நனைஞ்சு மாத்தினால் அதை எழுதவேணும். கண் மஞ்சளாகி சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில போனால் எழுதிக்கொண்டிராமல் அண்டைக்கே ஆஸ்பத்திரி. உடம்பு தன்ர சிவப்பணுவைத் தானே உடைக்கிற சிக்கல் இந்த நோயில வாறது.

காய்ச்சல் 38ஐத் தொட்டால் பனடோல் போட்டு விடியும்வரை பார்க்கிற பழக்கம் இனி வேண்டாம். மழை தொடங்கப்போகுது, டெங்கு வரும். 2017இல கிண்ணியா பட்ட பாடு உனக்குத் தெரியும். டெங்குவில வெள்ளை அணு இறங்கிறதைத்தான் பார்ப்பினம். அப்பாவுக்கு அது இறங்கினாலும் லட்சத்தில நிக்கும், பார்க்கிற ஆள் ஏமாந்துபோவார். அதால "சி.எல்.எல். நோயாளி" எண்டு கொப்பியின்ர மட்டையில பெரிசா எழுதியாச்சு. டைக்ளோஃபெனாக், புரூஃபன் எண்ட நோக்குளிசை ரெண்டும் வீட்டில இருக்கக்கூடாது.

மருந்து தொடங்கமுதல் மூண்டு விசயம் கேட்கவேணும். முதலாவது, நோயணுவின்ர மரபணுவில 17பி இழப்பும் டி.பி.53 மாற்றமும் இருக்கோ எண்ட பரிசோதனை. இருந்தால் குளோராம்பியூசில், பெண்டமஸ்டின் மாதிரியான கீமோ சரியா வேலை செய்யாது. இதைப் பாராமல் தொடங்கவிடாதே. ரெண்டாவது, ஹெபடைற்றிஸ் பி. மேற்பரப்பு அன்டிஜன் மட்டும் பார்த்தால் காணாது, கோர் அன்டிபொடியும் வேணும். ரிற்றக்சிமாப் எண்ட இந்த நோய்க்கான மருந்தைக் குடுத்தால் ஈரலில ஒளிச்சிருந்த கிருமி எழும்பும். மூண்டாவது, ஆடுற அந்தக் கடவாய்ப்பல்லை இப்பவே பிடுங்கவேணும். ஐப்ருற்றினிப் எண்ட இந்த நோய்க்கான குளிசையைத் தொடங்கினபிறகெண்டால் இரத்தம் நிக்கிறது கஷ்டம், பல்லுக்காக மருந்தையும் இடையில நிப்பாட்டவேணும். நீ பெட்டி பெட்டியா அனுப்பிற மீன் எண்ணெய்க் குளிசையும் அதோட சேராது ராசா, நிப்பாட்டு. ஐப்ருற்றினிப்பில முதல் மாதங்களில வெள்ளை அணு இன்னும் ஏறும். நிணநீர்க் கட்டிகளில இருந்து அணுக்கள் இரத்தத்துக்கு இறங்கிறதால வாற ஏற்றம் அது. அப்ப எனக்கு அழுது போன் எடுக்காதே.

நோயணுவை உடைக்கிற வெனெற்றோக்ளாக்ஸ் குளிசை எண்டு முடிவானால்தான் நீ வேணும். 20 மில்லிகிராமில தொடங்கி ஒவ்வொரு கிழமையும் 50, 100, 200, 400 எண்டு ஏத்துவினம். அணுக்கள் ஒரேயடியா உடைஞ்சு பொற்றாசியமும் யூரிக் அமிலமும் ஏறினால் இதயமும் சிறுநீரகமும் தாங்காது. அதால தொடங்க ரெண்டு நாளுக்கு முதலே ஒரு நாளைக்கு ஒண்டரை, ரெண்டு லீற்றர் தண்ணி. 20இன்ரயும் 50இன்ரயும் முதலாவது குளிசையைப் போட்டு 6 – 8 மணித்தியாலத்திலயும் 24 மணித்தியாலத்திலயும் இரத்தம் எடுக்கவேணும். திருகோணமலையில இருந்து இரவு மெயில் ரெயினில போய் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில குளிசை போட்டிட்டு அண்டிரவே திரும்புற காரியமில்லை இது. கிட்ட ஒரு அறை எடுத்துத் தங்கி, அப்பாவுக்கு மணிக்கு ஒரு கிளாஸ் தண்ணி குடுத்துக்கொண்டு ஒராள் பக்கத்தில இருக்கவேணும். அம்மாவின்ர முழங்காலுக்கு அது ஏலாது. உன்ர ரெண்டு கிழமை லீவை அதுக்கு வைச்சிரு.

அடுத்த கிளினிக் 14ஆம் திகதி. முதல்நாள் இரவு அப்பாவுக்குப் போன் எடு. "எப்பிடி இருக்கு" எண்டு கேட்டால் "நல்லா இருக்கு" எண்டுதான் வரும். மத்தியானம் எத்தனை கரண்டி சோறு எண்டு கேள். கொப்பியின்ர முதல் பக்கத்தைப் படமெடுத்து இதோட அனுப்புறன்.

உன்ர மச்சான்