பார்டர் எண்களைச் சேர்த்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் சர்க்கரை ஒரு வாரம், ரத்த அழுத்தம் ஒரு வாரம், கொழுப்பு ஒரு வாரம் என்று தனித்தனியாகவே எழுதுகிறீர்கள். மூன்றும் ஒரே உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருந்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

"எல்லாம் பார்டரில்தான் இருக்கிறது" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறவர்கள் ஏராளம். வெறும்வயிற்றுச் சர்க்கரை 104, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 170, ரத்த அழுத்தம் 132/86 என்றால் ஒவ்வொன்றும் சின்னதாகத்தான் தெரியும், ஆனால் அவருக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது இப்படிப்பட்ட கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் நிலை, இருக்கிறது. கூடிய இடுப்புச் சுற்றளவு, நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைவு ஆகியவற்றையும் சேர்த்து இதற்கான அளவுகள் மொத்தம் ஐந்து. அதில் மூன்று இருந்தாலே போதும் என்று 2009-இல் பல சர்வதேச அமைப்புகள் கூடி ஒப்புக்கொண்டிருக்கின்றன.

ரத்தக்குழாய் அடைப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இந்த நிலை கொண்டுவரும் ரத்தக்குழாய் விறைப்பைப் பற்றிப் பேச்சே இல்லை, எனக்கு அதுதான் பெரிய ஆதங்கம். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து கொடுத்து, பிறகு சுருங்கி, ரத்தத்தைச் சீராக அனுப்ப வேண்டும். கூடுதல் சர்க்கரை அதன் சுவரிலுள்ள கொலாஜன் என்ற உறுதியான புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது, நெகிழ்வு தரும் எலாஸ்டின் இழை நைந்துபோகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் குறைகிறது. அப்புறம் துடிப்பலை வேகமாக ஓடிச் சீக்கிரமே திரும்பி, இதயம் இன்னும் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே எதிரே வந்து நிற்கிறது. மேல் அழுத்தம் ஏறுகிறது, கீழ் அழுத்தம் இறங்குகிறது. இதயத் தசைக்கே பெருமளவு ரத்தம் கிடைப்பது அது ஓய்வெடுக்கும் அந்தக் கீழ் அழுத்த நேரத்தில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கழுத்துக்கும் தொடை இடுக்குக்கும் இடையே இந்த அலை ஓடும் வேகத்தை அளக்கலாம். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். கருவி எல்லா இடத்திலும் கிடைக்காது, சரி. ஆனால் வீட்டில் பி.பி. பார்க்கும்போது மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழிக்க எந்தக் கருவியும் வேண்டாம். 40-ஐ ஒட்டி இருப்பது வழக்கம். வயதானவர்களுக்கு 60-ஐத் தாண்டியே நின்றால் மருத்துவரிடம் சொல்வது நல்லது.

இன்னொன்று, விளம்பரங்களில் வரும் ரத்தப் பரிசோதனைத் தொகுப்புகள். உடம்பின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இன்டர்லூக்கின்-6, இவற்றோடு யூரிக் அமிலம் ஆகியவை மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் கூடுதலாகவும், கொழுப்புத் திசுவே சுரக்கும் நல்ல பொருளான அடிப்போனெக்டின் குறைவாகவும் இருப்பது உண்மை. ஆனால் இது கூட்டமாக எடுத்துப் பார்க்கும்போது தெரிவது. ஒரு தனி மனிதரின் சி.ஆர்.பி. ஈறு வீங்கினாலும் சளி பிடித்தாலும் ஏறும். அந்த ஒரு எண்ணை வைத்து "உங்கள் ரத்தக்குழாய் இவ்வளவு விறைத்துவிட்டது" என்று யாரும் சொல்லிவிட முடியாது. பணம் கட்டும் முன் மக்களுக்கு இது தெரிய வேண்டும்.

நடை, எடைக் குறைப்பு, அழுத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைப்பது ஆகியவற்றால் விறைப்பு ஓரளவு குறையும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். அந்த ஐந்து அளவுகளையும், தெற்காசியர்களுக்கான இடுப்பளவு எல்லையான ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதோடு சேர்த்து, ஒரு பெட்டிச் செய்தியாக மாதம் ஒருமுறையாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்