ஹெட்மாஸ்டர்களுக்கு ஒரு டூர் வண்டி டிரைவர் எழுதுற மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து தலைமையாசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காரங்க எல்லாருக்கும் வணக்கம்ங்க.

பதிமூணு வருசமா நம்ம ஸ்கூல் பசங்கள டூர் கூட்டிட்டுப் போற வண்டி ஓட்டுறேன். பெரும்பாலும் ஒரே ரூட் தான், ராத்திரி பத்து மணிக்கு தருமபுரில எடுத்தா அத்திப்பள்ளி தாண்டி விடியறப்ப ஸ்ரீரங்கப்பட்டணம், அப்புறம் மைசூர் அரண்மனை, ஜூ, சாமுண்டி மலை, சாயந்திரம் பிருந்தாவனம், மறுபடி ராத்திரி பூரா ஓட்டிட்டு ஊர் வந்து சேரணும். மைசூர் வேணாம்னு சொல்ல வரலைங்க. பழைய அரண்மனை 1897-ல எரிஞ்சு போய் 1912-ல இத கட்டி முடிச்சாங்கன்னு கைடு சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம், புள்ளைங்க அதெல்லாம் கண்டிப்பா பாக்கணும்.

ஆனா ஸ்ரீரங்கப்பட்டணத்துல நிக்கிறப்ப எல்லாம் மனசு ஒரு மாதிரி ஆகிடும். 1799-ல திப்பு சுல்தான் சண்டையில செத்து விழுந்த எடத்த காட்டுவாங்க, பசங்க போட்டோ புடிப்பாங்க, விசில் அடிச்சா வண்டி ஏறுவாங்க. அதுக்கு ஏழு வருசம் முன்னாடி 1792-ல அதே ஊர்ல போட்ட ஒப்பந்தத்துல தான் நம்ம மண்ணையே திப்பு வெள்ளக்காரன் கும்பெனிக்கு விட்டுக்குடுக்க வேண்டியதாச்சு. பாராமகால்னு அப்ப பேரு. அதுக்கு முந்தின வருசம் நம்ம பக்கத்து ராயக்கோட்டை கும்பெனி கையில விழுந்துடுச்சு, ஆனா கிருஷ்ணகிரி மலைக்கோட்டைய புடிக்க ஏறுன கும்பெனிப் படையால முடியல, எறங்கி திரும்பிப் போனாங்க. அந்த மலைய தெனம் ஸ்கூல் போறப்ப பாக்குற புள்ளைங்க தான் என் வண்டிக்குள்ள உக்காந்திருக்காங்க, இதுல ஒரு வார்த்தையாவது யாராவது சொல்லிக்குடுத்தாங்களா?

போன வருசம் ஒரு ஸ்கூலுக்கு கடைசி நேரத்துல வெளிமாநிலம் போக பர்மிசன் வரல. காசு வாங்கியாச்சு, பசங்க அழுவாத கொற. சரி பக்கத்துலயே சுத்திட்டு வருவோம்னு கெளம்புனோம். தருமபுரி அகழ்வைப்பகத்துல, அதாங்க மியூசியத்துல, நடுகல்லு வெச்சிருக்காங்க இல்லைங்களா, அங்க ஏழாவது படிக்கிற பையன் ஒருத்தன் ஒரு கல்லு முன்னாடி நின்னுட்டான், நகரவே இல்ல. கையில வில்லு புடிச்ச ஆளு, காலடியில மாடு. "அண்ணா, இது எங்க ஊரு வேடியப்பன் சாமிண்ணா, இங்க ஏன் வெச்சிருக்காங்க"ன்னு என்னைய வந்து கேக்குறான். கூட வந்த டீச்சர் தான் பொறுமையா சொன்னாங்க, மாடு மீட்கப் போய் செத்த வீரனுக்கு வெச்ச கல்லுடா இது, அதத்தான் நம்ம பக்கம் வேடியப்பன்னு கும்புடுறோம், உங்க ஊருல இருக்கறதும் அப்படி ஒருத்தன் தான்னு. அந்தப் பையன் கல்லுல இருந்த எழுத்த வெரலால காத்துலயே எழுதிப் பாத்துட்டு இருந்தான். இத்தன வருசத்துல எந்த அரண்மனை முன்னாடியும் ஒரு புள்ள அப்படி நின்னு நான் பாத்ததில்லைங்க.

அன்னைக்கே மல்லச்சந்திரமும் போனோம், பெங்களூர் ஹைவேல இருந்து உள்ள தள்ளி பாறை மேல இருக்கு. ஆளு ஒசர பலகக் கல்லுங்கள நிறுத்தி மேல ஒரு கல்ல மூடி, பாண்டவர் வீடுன்னு ஊர்க்காரங்க சொல்றாங்க, செத்தவங்களுக்காக கட்டுனது. ஒரு பலகையில வட்டமா ஓட்ட போட்டிருக்கு, ஒரு பொண்ணு குனிஞ்சு உள்ள பாத்துட்டு "இரும்பு உளி இல்லாமயா இப்படி வட்டம் வந்துச்சு"ன்னா. பாருங்க, தொகரப்பள்ளி பக்கம் மயிலாடும்பாறையில தோண்டுனதுல இரும்பு 4200 வருசம் பழசுன்னு 2022-ல சட்டசபையிலயே அறிவிச்சாங்க, மல்லச்சந்திரம் இருக்கற அதே கிருஷ்ணகிரி மாவட்டம், அந்தப் பொண்ணுக்கு அது தெரியாது, எனக்கும் அன்னைக்கு தெரியாது, வீட்டுக்கு வந்து தான் தேடிப் படிச்சேன். பாதி கல்லு ஒடஞ்சு கெடக்கு, புதையல் தேடி ஒடச்சிருக்காங்க. ஊர்ப் புள்ளைங்க வந்து பாத்துப் பழகுனா தானே நாளைக்கு எவனாவது கடப்பாறையோட வந்தா கேள்வி கேப்பாங்க.

அதனால நான் கேக்குறது ஒன்னே ஒன்னு தாங்க. மைசூருக்குப் போங்க, ஊட்டிக்குப் போங்க, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாள் நம்ம ஊர பாக்க ஒதுக்குங்க. ஔவைக்கு நெல்லிக்கனி குடுத்த அதியமானோட தகடூர் தான் தருமபுரின்னு பாடத்துல வருது, அதியமான்கோட்டை ரோட்டோரமா இருக்கு, வண்டிய நிறுத்தி எறக்கி விட்டா போதும். ராத்திரி தூக்கம் கெடாது, பர்மிட் செலவு கெடையாது, டூர் காசு கட்ட முடியாம வீட்டுல நின்னுபோற புள்ளைங்களும் வரலாம், அந்தப் புள்ளைங்கள நெனச்சுத்தான் இத முக்கியமா எழுதுறேன்.

மார்ச்சுக்கு மேல வேணாம், கிருஷ்ணகிரி மலைக்கோட்ட ஏறுறப்ப பாறை சுடும். காலைல ஏழு மணிக்கெல்லாம் கெளம்பணும், மியூசியம் என்னைக்கு லீவுன்னு முன்னாடியே போன் போட்டு கேட்டுக்கங்க, வரலாறு டீச்சர் ஒருத்தர் கண்டிப்பா கூட வரணும். தண்ணி கேன் நான் ஏத்திக்கிறேன்.