கலப்புப் பயன்பாட்டுக் கட்டடம்: திட்ட அனுமதிக்கு முன் வரைபடத்தில் திருத்தங்கள் கோரும் மனு

அனுப்புநர்:
உத்தேசக் கட்டட மனையைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருப்போர்

பெறுநர்:
திட்ட அனுமதி அலுவலர் அவர்கள்,
நகரமைப்புப் பிரிவு

பொருள்: கடைகள், அலுவலகங்கள், வீடுகள் அடங்கிய அடுக்குமாடிக் கட்டடம் – பொதுமக்கள் கருத்து – வரைபடத் திருத்தம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள், நிலத்துக்கு அடியில் இரண்டு தள வாகன நிறுத்தம் என்று வரவிருக்கும் கட்டடம் குறித்துக் கருத்து கேட்டிருக்கிறீர்கள். கட்டடமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நடந்துபோகும் தூரத்தில் கடையும் வேலையும் இருப்பது நல்லதுதான். எல்லாரும் உயரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் கவலை பள்ளத்தையும் வாசலையும் பற்றியது. கான்கிரீட் போட்ட பிறகு சரிவுப்பாதையை நீட்டவோ புகைக்குழாய்க்கு வழிவிடவோ முடியாது. கோடாக இருக்கும்போதே மாற்றச் சொல்லுங்கள் என்பதுதான் இந்த மனு.

முதலில் பள்ளம். இரண்டு தளத்துக்குச் சுமார் 7 மீட்டர் தோண்ட வேண்டும். நிலத்தடி நீர் அதற்கு மேலே நின்றால் இரவு பகலாக மோட்டார் போட்டு இறைப்பார்கள். அப்போது மனையின் தண்ணீர் மட்டும் இறங்குவதில்லை. பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின் கீழ் உள்ளதும் சேர்ந்தே இறங்கும். களிமண் என்றால் நீர் வடிந்ததும் அமுங்கும். மணல் என்றால் இறைக்கும் தண்ணீரோடு பொடிமணலும் வெளியேறி அடியில் பொந்து விழும். வீடு முழுக்க ஒரே அளவு இறங்கினால்கூடப் பெரிய சேதம் வராது. பள்ளத்துப் பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இறங்குவதால்தான் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்புகிறது.

ஆகவே பள்ளத்தைச் சுற்றி இடைவெளி விட்டு நடும் பைல்களும் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்கள்) நடுவே பலகையும் இங்கே போதாது. அவை மண்ணைத் தாங்கும், தண்ணீரைத் தடுக்காது. ஒன்றோடொன்று கோத்த பைல் சுவரோ, தோண்டுவதற்கு முன்பே மண்ணுக்குள் கான்கிரீட்டால் கட்டும் டயாஃப்ரம் சுவரோ வேண்டும். அதன் அடிமுனை நீர்க்கசிவு குறைந்த மண் அடுக்குக்குள் இறங்கியிருக்க வேண்டும். எந்த ஆழத்தில் அந்த அடுக்கு இருக்கிறது என்பதை மண் பரிசோதனை அறிக்கையோடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். மனைக்கு வெளியே கண்காணிப்புக் குழாய்க் கிணறுகள் இறக்கி நீர்மட்டத்தைத் தினமும் குறிக்க வேண்டும். எவ்வளவு இறங்கினால் மோட்டாரை நிறுத்துவது என்ற அளவை முன்கூட்டியே அனுமதி ஆணையில் எழுதிவிடுங்கள். விரிசல் விட்ட பிறகு அதைப் பேரம் பேசிப் பயனில்லை.

பள்ளத்தின் ஆழத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள், அதாவது குறைந்தது 14 மீட்டருக்குள் உள்ள எல்லா வீடுகளையும் தோண்டுவதற்கு முன்பே உள்ளும் புறமும் படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இருக்கிற விரிசல் ஒவ்வொன்றின் அகலமும் அளவுகோலோடு படத்தில் தெரிய வேண்டும். விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டும் பழைய முறை போதாது. கண்ணாடி உடைந்தால் சுவர் அசைந்தது தெரியுமே தவிர எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரியாது. மில்லிமீட்டர் கோடுகள் உள்ள இரட்டைத் தகடு அளவி விலை அதிகமில்லை. அதைப் பொருத்தி வாரம் ஒருமுறை படித்தால் போதும்.

தோண்டிய மண் எங்கே, எந்த வழியாகப் போகும்? பள்ளம் 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் 16,800 கன மீட்டர். வெட்டியெடுத்த மண் கால் பங்கு உப்பினால் 21,000. லாரிக்கு 12 கன மீட்டர் வீதம் 1,750 நடை. போகவும் வரவும் 3,500 தடவை தெருவைக் கடக்கும். நாளைக்கு 25 நடை என்றாலும் 70 வேலை நாள். பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் லாரிக்குத் தடை வேண்டும். வாசலில் சக்கரம் கழுவும் தொட்டியும் வேண்டும்.

அடுத்தது வாசல். கடைக்கு மாலையில் கூட்டம், அலுவலகத்துக்குப் பகலில், வீட்டாருக்கு இரவில் என்று ஒரே நிறுத்திடத்தை மூன்று கணக்கில் காட்டுவது வழக்கம். ஆனால் மாலை 6 முதல் 8 வரை மூவரும் ஒன்றாக இருப்பார்கள். மணிவாரியாக அட்டவணை கேளுங்கள். தடுப்புக் கம்பம் எங்கே நிற்கிறது என்பது அதைவிட முக்கியம். சீட்டு எடுக்க ஒரு காருக்கு 10 விநாடி என்றால் நிமிடத்துக்கு 6 கார் உள்ளே போகும். நிமிடத்துக்கு 8 வந்தால் பத்தே நிமிடத்தில் 20 கார் தேங்கும். காருக்கு 6 மீட்டர் வீதம் 120 மீட்டர் வரிசை. கம்பம் தெருவோரத்தில் இருந்தால் அந்த வரிசை முழுவதும் தெருவில்தான் நிற்கும். கம்பத்தைச் சரிவின் அடிக்குத் தள்ள வேண்டும். நெரிசல் நேரத்துக்கு உள்நுழையும் வழி இரண்டு வேண்டும்.

சரிவுப்பாதை 1:8 (8 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம்) என்றால் ஒரு தளத்துக்கு 3.2 மீட்டர் இறங்க 25.6 மீட்டர் நீளம் தேவை. மேலும் கீழும் சரிவு மாறும் இடத்தில் மிதமான சரிவு இல்லாவிட்டால் காரின் அடிப்பாகம் தட்டும். மேல் முனையில் நடைபாதைக்கு முன் ஒரு கார் நீளம் சமதளம் இருந்தால்தான் ஓட்டுநருக்கு நடந்துவரும் குழந்தை தெரியும். அந்த முனை சாலை மட்டத்தைவிட உயர்ந்தும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மழைநீர் நேரே அடித்தளத்தில் இறங்கும்.

சரக்கு லாரி 2.4 மீட்டர் உயர அடித்தளத்துக்குள் நுழையாது. இறக்குமிடம் தரைத்தளத்தில், லாரி உள்ளேயே திரும்பி முன்பக்கமாக வெளியேறும்படி இருக்க வேண்டும். திரும்பும் தடத்தை வரைபடத்தில் போடச் சொன்னால் பல தூண்கள் இடம் மாறும்!

கடைப் பகுதிக்கு உணவகம் எதுவும் இப்போது திட்டமிடப்படவில்லை என்பார்கள். பிறகு ஒன்று வரும். புகைக்குழாயை எங்கள் ஜன்னலுக்கு எதிரே பக்கச்சுவரில் திருகி மாட்டுவார்கள். மொட்டைமாடி வரை தீத்தாங்கும் தனிச் செங்குத்துத் தடம் இப்போதே ஒதுக்கப்பட வேண்டும். அதைக் கழிப்பறைக் காற்றோடும் வாகன நிறுத்தக் காற்றோடும் சேர்க்கக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு படிந்த குழாயில் தீப்பிடித்தால் அது வீடுகளுக்குள் பரவும். அடித்தளக் காற்றில் கார்பன் மோனாக்சைடு இருக்கும் என்பதால் அதன் வெளியேற்றமும் ஜெனரேட்டர் புகைபோக்கியும் நடைபாதை மட்டத்தில் திறக்கக் கூடாது.

அடித்தளத்தை மனையின் எல்லை வரை கொண்டுபோனால் நீர் உறிஞ்ச மண்ணே மிஞ்சாது. 2,400 சதுர மீட்டரில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 1,20,000 லிட்டர். அதை எங்கள் தெரு வடிகால் தாங்குமா என்று கணக்குக் காட்டட்டும். முடியாதென்றால் உள்ளேயே தேக்கி மெதுவாக விடட்டும்.

நிழல் வரைபடம் ஆண்டில் சூரியன் மிகத் தாழ்ந்து செல்லும் நாளின் காலை 9, நண்பகல், மாலை 3 மணிக்கு வேண்டும். தீ விபத்தில் வீட்டார் தப்பிக்கும் படிக்கட்டு கடைப் பகுதியோடு கலக்காமல் நேரே வெளியே முடிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. கீழே கடைகளைத் திறந்துவிட்டு மேலே வருடக்கணக்கில் வேலை நடத்துவதை அனுமதிக்க வேண்டாம். சரக்கு இறக்குமிடம், மழைநீர்த் தொட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தீயணைப்பு வசதி ஆகியவை முடிந்து சோதிக்கப்படும் வரை எந்தப் பகுதிக்கும் நிறைவுச் சான்று வழங்கக் கூடாது எனக் கேட்டுக்கொள்கிறோம். திருத்திய வரைபடத்தை அனுமதிக்கு முன் மீண்டும் எங்கள் பார்வைக்கு வைக்குமாறும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுற்றுத்தெருக் குடியிருப்போர்
(கையொப்பப் பட்டியல் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது)