சீட்டைத் தொடாமல் வேகாஸ்

அன்புள்ள தேனு,

ஏப்ரலில் நீயும் மாப்பிள்ளையும் அவருடைய நண்பர்களோடு நான்கு நாள் லாஸ் வேகாஸ் போவதாக அம்மா சொன்னாள். அவர்கள் ஆடப் போய்விடுவார்கள், எனக்கு அங்கே என்ன வேலை, அறையில் புத்தகத்தோடு கிடப்பேன் என்றாயாம். அப்படிக் கிடக்காதே. 1931-ல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்த பிறகு வெகுகாலம் அங்கே அறையும் சாப்பாடும் மலிவு. ஆட்ட மேசைக்கு ஆள் சேர்க்கும் தூண்டில் அவை. இன்றைக்கு ஸ்ட்ரிப் என்று அழைக்கும் நீண்ட சாலையோரம் நிற்கும் பெரிய விடுதிகளுக்கு வருமானத்தில் பாதிக்கு மேல் அறை, உணவு, மேடை நிகழ்ச்சிகளிலிருந்துதான் வருகிறது. ஆகவே ஆடாதவள் என்று நீ கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் மேசையில் நீ கொடுக்காத காசை வேறு வழிகளில் வாங்கவும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அந்த வழிகளைத் தெரிந்துகொண்டு போ.

முதல் வழி அறைவாடகை. வாடகைக்கு மேல் 'ரிசார்ட் ஃபீ' என்று ஓர் இரவுக்கு 40, 50 டாலர் வரை சேர்ப்பார்கள். அதற்கும் மேல் 13 சதவீதத்தைத் தாண்டும் அறைவரி. 2025 மே மாதத்திலிருந்து மொத்தக் கட்டணத்தை முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. அந்த மொத்தத்தை வைத்தே விடுதிகளை ஒப்பிட்டுப் பார். ஞாயிறு முதல் வியாழன் வரை தங்கினால் வெள்ளி, சனியைவிட நன்றாகவே குறையும், ஊரில் பெரிய மாநாடு எதுவும் இல்லாவிட்டால். ஏப்ரலில் ஒளிபரப்புத் துறையின் பெரிய கண்காட்சி நடக்கும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். சாவி தரும்போது முன்பணமாக ஒரு தொகையை அட்டையில் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அது உன் கணக்குக்குத் திரும்பப் பல நாள் ஆகும். கிரெடிட் கார்டையே கொடு. அறைக் குளிர்பெட்டியில் அவர்கள் வைத்திருக்கும் பாட்டிலை நகர்த்தாதே. பல விடுதிகளில் அடியில் உணரி இருக்கும். எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாலும் பில்லில் ஏறிவிடும்.

எந்த விடுதி என்று கேட்டால் என் மனசுக்குப் பட்டது வீடாரா. அதில் கேசினோவே கிடையாது, புகைக்கும் இடமில்லை, அறையில் சின்னச் சமையல் மேடையும் குளிர்பெட்டியும் உண்டு. உனக்குத் தயிர்சாதம் இல்லாமல் நாலு நாள் ஓடாது என்று எனக்குத் தெரியாதா? பக்கத்துப் பெல்லாஜியோ விடுதிக்கு நடந்தே போய்விடலாம். நண்பர்கள் கேசினோ உள்ள விடுதிதான் வேண்டும் என்று நின்றால் பார்க் எம்ஜிஎம் பாருங்கள். 2020-லிருந்து ஸ்ட்ரிப்பில் அது முழுக்கப் புகையில்லா விடுதி. மற்றவற்றில் ஆட்டத் தளத்தைக் கடக்கும்போதெல்லாம் சிகரெட் வாடை உன் துப்பட்டாவில் ஏறிவிடும்.

அப்படிக் கடந்துதான் ஆக வேண்டும். லிஃப்ட், உணவகம், அரங்கம், வாசல் எங்கே போவதானாலும் வழி பெரும்பாலும் ஆட்டத் தளத்தின் ஊடேதான். ஜன்னலையோ கடிகாரத்தையோ எளிதில் பார்க்க முடியாது, நேர்ப்பாதையும் இருக்காது. கூட்டத்தைப் பின்தொடராமல் கூரையில் தொங்கும் பலகைகளைப் பார்த்து நட. இறங்கும் முதல் நாளே அரைமணி நேரம் செலவழித்து லிஃப்டிலிருந்து சாலைக்கும், வாடகை வண்டி ஏறும் இடத்துக்கும் வழி பழகிக்கொள்; வண்டி ஏறும் இடம் பல விடுதிகளில் பின்பக்கம் இருக்கும். மாப்பிள்ளையின் தம்பிக்கு இன்னும் 21 ஆகவில்லை. அவன் தளத்தைக் கடந்து போகலாம், ஆனால் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. காவலர் அடையாள அட்டை கேட்பார். எப்போதும் கையில் வைத்திருக்கச் சொல்.

அடுத்தது கால். ஸ்ட்ரிப் சுமார் 6.8 கிலோமீட்டர். கட்டடங்கள் அவ்வளவு பெரியவை என்பதால் எதிரில் தெரிவது கூப்பிடு தூரம் மாதிரி இருக்கும். நடந்தால் இருபது நிமிடம். பழகிய செருப்பையே போடு, புதுசு வேண்டாம். சாலையை மேம்பாலங்களில் ஏறித்தான் கடக்க வேண்டியிருக்கும். அவற்றில் படம் எடுக்க நிற்காதே. 2024 தொடக்கத்தில் வந்த மாவட்டச் சட்டப்படி பாலத்தில் நிற்பதே குற்றம். 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. மேற்குப் பக்கத்தில் இரண்டு இலவச டிராம்கள் உண்டு. ஒன்று மாண்டலே பே, லக்ஸர், எக்ஸ்காலிபர் விடுதிகளை இணைக்கும். இன்னொன்று பார்க் எம்ஜிஎம்மில் தொடங்கி ஆரியா விடுதி வழியாகப் பெல்லாஜியோ வரும். கிழக்குப் பக்கத்து மோனோரயிலுக்கு ஏழு நிலையங்கள். வேகமானதுதான், ஆனால் நிலையம் ஒவ்வொன்றும் விடுதியின் பின்கோடியில் இருப்பதால் நடை மிச்சமாகாது. விமான நிலையத்துக்கும் அது போகாது. டியூஸ் என்ற இரண்டடுக்குப் பேருந்து நாள் முழுதும் ஓடும், பழைய ஊர் வரை போகும். 24 மணி நேரப் பயணச்சீட்டு வாங்கிக்கொள், மாடியில் முன் இருக்கையைப் பிடி. மாலை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும். காட்சி பார்க்கவென்றே ஏறு, அவசரத்துக்கு ஏறாதே.

இனி, நீ பார்த்தே தீர வேண்டியது. பெல்லாஜியோவின் நீரூற்று. எட்டு ஏக்கருக்கு மேற்பட்ட ஏரியில் 1,200-க்கும் அதிகமான குழாய்முனைகள் இசைக்கு ஏற்ப ஆடும். உயரே போகும் தாரை 140 மீட்டர் தொடும். காசு கிடையாது. வார நாட்களில் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி அரைமணிக்கு ஒரு முறை, மாலை 7 முதல் நள்ளிரவு வரை கால்மணிக்கு ஒரு முறை. ஒரு பாட்டோடு கிளம்பிவிடாதே. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆட்டம் வேறு, எல்லாவற்றிலும் தண்ணீர் அந்த உயரத்துக்குப் போகாது, மூன்று பாட்டாவது நின்று பார். சாலையோரக் கைப்பிடிச் சுவரின் நடுவில் நின்றால் தண்ணீர் பீறிடும் வெடிச்சத்தம் நெஞ்சில் மோதும். சாலைக்கு எதிர்ப்பக்கம் பாரிஸ் விடுதியின் முன்னால் நின்றால் முழு அமைப்பும் கண்ணுக்குள் அடங்கும். ஏப்ரலில் ஒரே ஒரு தொல்லை காற்று. வேகமாக வீசினால் நிறுத்திவிடுவார்கள். அதனால் இதைக் கடைசி இரவுக்கு ஒதுக்காமல் முதல் இரவே போ. பாலைவனத்தில் இவ்வளவு தண்ணீரா என்று உனக்கு உறுத்தும். அந்த ஏரிக்கு வருவது நகரத்தின் குடிநீர் அல்ல. முன்பு அங்கிருந்த ட்யூன்ஸ் விடுதியின் கோல்ஃப் மைதானத்துக்கு வெட்டிய கிணற்றின் நீர்.

அதே விடுதிக்குள் கண்ணாடிக் கூரை போட்ட பூந்தோட்டம் ஒன்று இரவு பகல் திறந்திருக்கும், இதுவும் இலவசம். சந்திரப் புத்தாண்டு, நான்கு பருவங்கள் என்று ஆண்டுக்கு ஐந்து முறை முழுவதும் மாற்றி அமைப்பார்கள். மாற்றும் நாட்களில் அடைத்திருக்கும், தேதியைப் பார்த்துக்கொள். காலை ஏழு மணிக்குப் போனால் பூவின் வாசமே வரும். மாலையில் மனுஷத் தலைதான். போகும் வழியில் வரவேற்புக் கூடத்தின் மேல் நிமிர்ந்து பார். டேல் சிஹூலி என்ற கலைஞர் 2,000 கண்ணாடிப் பூக்களைக் கூரையில் பூக்க வைத்திருக்கிறார்.

பழைய பட்டியல்களை நம்பாதே. மிராஜ் விடுதியின் செயற்கை எரிமலை 2024 ஜூலையில் விடுதியோடு மூடப்பட்டது. ட்ரெஷர் ஐலண்ட் விடுதி வாசலில் நடந்த கப்பல் சண்டைக் காட்சி 2013-லேயே நின்றது. ஃப்ளமிங்கோ விடுதித் தோட்டத்துப் பறவைகளையும் மீன்களையும் இன்னும் சும்மா பார்க்கலாம்.

ஸ்பியர் என்ற உருண்டை அரங்கம் 2023 செப்டம்பரில் திறந்தது. 112 மீட்டர் உயரம். வெளிப்புற ஒளிக்காட்சிக்குக் கட்டணம் இல்லை. உள்ளே போவதானால் இருக்கை விஷயத்தில் கவனம். 100 என்று தொடங்கும் பகுதிகளின் பின்வரிசைகளில் மேல்தளம் தலைக்கு மேல் நீண்டு நின்று திரையின் மேற்பாதியை மறைத்துவிடும். சீட்டு மலிவாகத் தெரிந்தால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். 200, 300 பகுதிகளின் நடுப்பக்கம் நல்லது. மேலே போகப் போகப் படிகள் செங்குத்து. உயரம் கண்டால் தலைசுற்றும் நண்பர் இருந்தால் 200-லேயே நின்றுவிடுங்கள். சர்க்கஸ் நிகழ்ச்சிகளில் ஒன்றே ஒன்று என்றால் பெல்லாஜியோவின் 'ஓ'. மேடையே நீச்சல் குளம். ஏறத்தாழ 57 லட்சம் லிட்டர் தண்ணீர். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வாரத்தில் விடுமுறை நாள் உண்டு, அதைப் பார்த்த பிறகு விமானச் சீட்டு எடு.

பழைய ஊரான ஃப்ரீமாண்ட் தெருவுக்கு இருட்டிய பிறகு ஒரு மாலை போதும். 420 மீட்டர் நீள ஒளிக்கூரையில் மணிக்கு ஒரு முறை காட்சி. அன்றே நியான் அருங்காட்சியகத்தில் அந்தி நேரச் சீட்டை முன்பதிவு செய். மூடிப்போன விடுதிகளின் பெயர்ப்பலகைகளை அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் குற்றக் கும்பல்களின் கதை சொல்லும் 'மாப்' அருங்காட்சியகம் பிடிக்கும். 1933-ல் கட்டிய நீதிமன்றக் கட்டடம் அது. 1950-ல் அமெரிக்க செனட் சபையின் குழு அந்தக் கும்பல்களைப் பற்றி விசாரணை நடத்திய அதே அறையில் நிற்கலாம்.

பகலில் ஊரில் இருக்காதீர்கள். ஒரு கார் வாடகைக்கு எடுத்து வெளியே போங்கள், இரண்டு நாளாவது. ரெட் ராக் கேன்யன் என்ற செம்பாறைப் பள்ளத்தாக்கு ஸ்ட்ரிப்பிலிருந்து 27 கிலோமீட்டர்தான். அக்டோபர் முதல் மே இறுதி வரை நேரம் குறித்த முன்பதிவு இல்லாமல் பகலில் காரை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் அலைபேசி இணைப்பு கிடைக்காது. பதிவைப் படமாகச் சேமித்து வை. உள்ளே 13 மைல் சுற்றுச்சாலை ஒருவழிப் பாதை. ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டால் திரும்ப முடியாது, எங்கே நிறுத்துவது என்று முன்பே முடிவு செய். முதலில் வரும் காலிகோ குன்றுகளில் காலை வெயில் விழும்போது கல் தணல் மாதிரி இருக்கும். அங்கேயே ஒரு மணி நேரம் கொடு.

வேலி ஆஃப் ஃபயர் வடகிழக்கே 80 கிலோமீட்டர். சிவந்த மணற்பாறைகள், ஆட்லாட்ல் பாறையில் இரும்புப் படிக்கட்டு ஏறினால் பழங்குடிகள் செதுக்கிய உருவங்களைப் பக்கத்தில் பார்க்கலாம். கோடையில் சில நடைபாதைகளை வெப்பத்துக்காக மூடுவார்கள், ஏப்ரலில் அந்தக் கவலை இல்லை. ஹூவர் அணை 221 மீட்டர் உயரம், 1935-ல் திறப்புவிழா கண்டது. மேலே நடக்கக் கட்டணம் இல்லை. அணையில் பாதி நெவாடா, பாதி பக்கத்து மாநிலமான அரிசோனா. குளிர்காலத்தில் இருபக்கக் கடிகாரத்துக்கும் ஒரு மணி வித்தியாசம், நீ போகும்போது இரண்டும் ஒரே நேரம்தான் காட்டும். அணையை முழுசாகப் பார்க்க அணைக்கு முன்னாலேயே காரை நிறுத்தி, 2010-ல் திறந்த பாலத்தின் நடைபாதைக்கு ஏறு. அணை தேக்கி வைத்த மீட் ஏரியின் கரைப் பாறையில் வெள்ளைப் பட்டை தெரியும். தண்ணீர் முன்பு நின்ற மட்டம் அது. வேகாஸின் குடிநீரில் சுமார் 90 சதவீதம் அந்த ஏரியில் தேங்கும் கொலராடோ ஆற்று நீர்தான்.

கிராண்ட் கேன்யனை ஒரே நாளில் முடிக்க யாராவது அழைத்தால் எந்த விளிம்பு என்று கேள். இரண்டரை மணி நேரத்தில் போகக்கூடிய மேற்கு விளிம்பு ஹுவலபாய் பழங்குடியினருடையது. தேசியப் பூங்கா அட்டை அங்கே செல்லாது. தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்புக்குப் போகவே நாலரை மணி நேரம். அதற்குத் தனியாக இன்னொரு முறை வா.

காற்று வறண்டது. வியர்ப்பதே தெரியாது, அதனால்தான் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். வெளியே போகும் நாளில் ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் காரில் இருக்கட்டும். மூக்கில் ரத்தம் கசியலாம். ராத்திரி மூக்கோரத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். விடுதிக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்காதே, ஸ்ட்ரிப்பிலேயே மருந்துக் கடைகளில் பெட்டியாக மலிவு. இரவில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் வை. சாப்பாட்டில் சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. சூப்பும் சாதமும் கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம், மெக்ஸிகோ மொச்சை மசியலில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். இரண்டையும் பெயர் சொல்லிக் கேள். வின் விடுதி உணவகங்களில் பால்கூடச் சேர்க்காத தாவர உணவுப் பட்டியல் தனியாக உண்டு.

நண்பர்கள் ஆடும்போது பின்னால் நிற்காதே. 'உன் கை ராசி, ஒரு தடவை நீ போடு' என்பார்கள். எத்தனை மணிக்கு, எந்த உணவக வாசலில் சந்திப்பது என்று பேசிவிட்டு நகர்ந்துவிடு. கேசினோவின் உறுப்பினர் அட்டை எடுத்தால் 10 டாலருக்குச் சும்மா ஆடலாம் என்பார்கள், அதுவும் வேண்டாம். அந்தப் பணத்தை ஆட்டத்தில் மட்டும்தான் போட முடியும். யாராவது ரூலெட் என்ற எண்சக்கர ஆட்டம் ஆடினால் சக்கரத்தில் எத்தனை பூஜ்ஜியம் என்று எண்ணச் சொல். இரண்டு இருந்தால் 100 டாலருக்குச் சராசரியாக 5.26 போகும், மூன்று இருந்தால் 7.69. தெருவில் வேஷம் போட்டவரோடு படம் எடுத்தால் காசு கேட்பார்கள், காவி உடுத்திக் கையில் கட்டும் பாசிமணிக் கயிறு நீட்டுபவர் துறவி அல்ல, இலவச நிகழ்ச்சிச் சீட்டு தருகிறேன் என்பவர் பல மணி நேரம் உட்கார வைத்து விடுமுறை வீட்டுப் பங்கு விற்பார். மூவருக்கும் ஒரே பதில், நிற்காமல் நடப்பது.

ரெட் ராக் முன்பதிவு 30 நாளுக்கு முன்னால் திறக்கும். காலை நேரம் முதலில் தீரும். தேதி முடிவானதும் மாப்பிள்ளையிடம் சொல்லி அதை முதலில் போடச் சொல், அறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா